அழுத்தாத கை

சேசு மரி சூசை துணை

ஆவூர்
12-7-1949

அன்புத் தம்பி சந்தனராஜுக்கு அக்காள் சூசைமேரி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் மச்சானும் கைக்குழந்தை மரிய செல்வியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க வாய் வருகிறது, கோபம் வந்து தடுக்கிறது.

ஏண்டா, சாமியாருக்குப் படிக்கிற குருமடத்தை விட்டு வெளியே வந்தவனுக்கு நேரே வீட்டுக்கு வரத் தெரியாதா? கறம்பக்குடியில் போய் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது உபதேசியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சூசைமேரி, ஒன் தம்பி மருந்து கலக்குறானாமே? சந்தைக்குப் போனவங்க பார்த்துட்டு வந்து சொல்றாங்க" என்றார். "லீவுக்குப் போயிருக்கானுங்க" என்று சொன்னேன். கோவில் வாசலில் நின்று பொய்! அந்தப் பாவத்தையும் நீயே கட்டிக்கொள்.

நீ பால்குடிக் குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு கை கால் விறைத்துப் போனாய். அம்மா உன்னை மாதா பீடத்தில் கிடத்தி, "பிழைக்க வச்சா ஒனக்கே சாமியாராத் தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். இது உனக்குத் தெரியாததில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கொடுத்த வாக்கு மட்டும் இங்கே நிற்கிறது. உன் மச்சான், "அவனுக்கு அந்த அழைப்பு இல்லை, கழுத்தைப் பிடித்துத் தள்ளியா சாமியாராக்க முடியும்?" என்கிறார். அவர் வாத்தியார், நியாயம் பேசுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவின் வாக்குப் பிசகிய குற்றம் உன் தலையில் விழக்கூடாது என்று நானும் மாதாவிடம் ஒன்று நேர்ந்திருக்கிறேன். என்ன என்று கேட்காதே. ஏதாவது ஒரு வேலையில் நிலைத்து நில், அது போதும்.

அடுத்த மாதம் மாதா திருநாளுக்காவது வந்து முகத்தைக் காட்டு. அடிக்க மாட்டேன்.

உன் அக்காள்
சூசைமேரி


கறம்பக்குடி
3-11-1951

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னுடையவும் மச்சானுடையவும் செல்வியுடையவும் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை. வேலைதான் இல்லை.

டாக்டருடைய மருமகன் வந்துவிட்டார். அவரே மருந்து கலக்குகிறாராம். போன வாரம் சாவியைக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அலுப்புத்தான். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கடலை பறித்துப் பறித்து இடுப்புப் பிடித்தவர்கள். அவர்களுக்கு ஒரு தைலப் புட்டியைக் கொடுத்து, "தேய்ச்சுக்கங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லி அனுப்புவது என் வேலை. சரியாகாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மறு வாரம் அதே புட்டியோடு வந்து நிற்பார்கள்.

நம்மூர்க் குழந்தைசாமி மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறாரல்லவா, அவர் அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. நாகப்பட்டினத்தில் அடுத்த வாரம் கப்பல். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போகாததற்குத் திட்டாதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் கப்பல் ஏற மாட்டேன்.

செல்விக்கு என் முத்தங்கள்.

தம்பி
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

ஆவூர்
20-1-1952

தம்பி சந்தனராஜுக்கு,

கடல் கடந்து போனவனுக்குச் சுகம் கேட்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் படித்துவிட்டு ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். பிறகு உனக்காகச் செபமாலை சொன்னேன். இரண்டும் மாறி மாறி நடக்கிறது.

உனக்கு வேலை போன அந்த வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போட்டது. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், உன் மச்சான் கொயினா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றிவிட்டார். காய்ச்சல் விட்டது. அடுத்த தபாலில் உன் கடிதம் வருகிறது, வேலை போய்விட்டது என்று. அவர் மேல் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தீரவில்லை. "மாத்திரைக்கும் அவன் வேலைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியும் என்ன சம்பந்தம் என்று. இனி அப்படி நடக்காது.

அங்கே பூசைக்குக் கோவில் பக்கத்தில் இருக்கிறதா? மழையில் நனையாதே.

அக்காள்
சூசைமேரி


பினாங்கு
9-5-1955

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறவன் என்று நீ ஏசுவது இங்கே கேட்கிறது. நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தை விவரமாக எழுதவும்.

மூன்று வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டதில் எனக்கு ஒன்று தெரிந்தது. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் குனிந்தால் உச்சி வெயில் வரை குனிந்தே நிற்கிறார்கள். எல்லாருக்கும் முதுகு. இங்கேயும் அதே தைலப் புட்டி. கடல் தாண்டி வந்தும் அந்தப் புட்டி என்னை விடவில்லை அக்கா.

நாலு மாதத்துக்கு முன் தோட்டத்துத் துரைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இங்கே பினாங்கில் ஓர் அமெரிக்கரிடம் அழைத்துப்போகச் சொன்னார்கள், துணைக்கு நான் போனேன். அந்த மனிதரிடம் மருந்து இல்லை, கத்தி இல்லை. துரையைக் குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் கையை வைத்து ஒரே அழுத்து. துரை எழுந்து தானே நடந்து காருக்கு வந்தார். எல்லாருக்கும் அப்படி நடந்துவிடாது என்று பிறகு அவரே சொன்னார். ஆனாலும் நான் அன்று தூங்கவில்லை.

இந்த வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். அவரிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். கடைசியில் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அவருடைய அறையிலேயே உதவியாளாகச் சேர்ந்துவிட்டேன். "ஒழுங்காகப் படித்துத்தான் செய்ய வேண்டும், பார்த்துப் பழகிச் செய்கிற வேலையில்லை இது" என்கிறார். அவர் படித்த கல்லூரிக்கு எனக்காக எழுதிப்போட்டிருக்கிறார். அமெரிக்காவில்.

சாமியாராக முடியவில்லை, கம்பவுண்டர், டிரெஸர், இப்போது இது. எனக்கே என்னை நினைத்தால் களைப்பாக இருக்கிறது. ஆனால் இது ஒன்றுதான் நானாகக் கேட்டது.

தம்பி
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

ஆவூர்
2-8-1956

அன்புத் தம்பிக்கு,

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறாய் என்ற கடிதம் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், ஆடும் மூன்று குட்டி போட்டுச் சுகம்.

உன் மச்சான் உன் படிப்பின் பெயரைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தாராம். அவருக்கே வாய்க்குள் நுழையவில்லை. ஊருக்குள் கேட்கிறவர்களுக்கு நான் என்னடா சொல்ல? "முதுகெலும்பு டாக்டருக்குப் படிக்கிறான்" என்றேன். பக்கத்து வீட்டு மூக்காயி சிரிக்கிறாள். "அதுக்கு எதுக்குங்க அம்புட்டுத் தூரம்? நம்ம ராக்கன் வெத்தலை பாக்கு வச்சா சுளுக்கு எடுத்துட்டுப் போறான்" என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "ராக்கன் எடுக்கிறது சுளுக்கு. என் தம்பி எடுக்கப்போறது வேற" என்றேன். என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

நீ டாக்டராகி வந்து முதல் கையை என் முதுகில்தான் வைக்க வேண்டும். முன்பு ஒன்று நேர்ந்திருந்தேனே, அதை அப்படியே மாதாவிடம் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் வழியில் இதையும் விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகிறேன், மணி அடிக்கப் போகிறேன் என்று எழுதினாயோ, தெரியும் சேதி.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அக்காள்
சூசைமேரி


அமெரிக்கா
18-1-1958

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் எல்லாருடைய நலத்தையும் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், உண்மையில் உன் ஏச்சைக் கேட்கத்தான் ஆவல்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே மூன்று மாதமாக வெள்ளை தவிர வேறு நிறம் இல்லை. காலையில் கல்லூரி, சாயங்காலம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். கையெல்லாம் வெடித்துவிட்டது. "இந்தக் கையோடு நோயாளியைத் தொட்டால் எழுந்து ஓடிவிடுவான்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ராத்திரி வாஸலின் தடவி, கையுறை போட்டுக்கொண்டு தூங்குகிறேன். எனக்கு முப்பது வயதாகப் போகிறது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் மீசை முளைக்காதவர்கள், என்னை 'பாதர்' என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள். குருமடத்தில் இருந்தேன் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னதன் பலன்.

எலும்புக்கூட்டின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். அதைச் செய்யும்போது மட்டும் அலுப்புத் தெரிவதில்லை. மற்ற நேரமெல்லாம் தெரிகிறது. விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றுகிற நாளில் உன் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். "தெரியும் சேதி" என்ற இடம் வந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

தம்பி
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

ஆவூர்
14-10-1958

தம்பி சந்தனராஜுக்கு,

உன் சுகத்துக்குத் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்கிறேன். இங்கே சுகம். செல்வி பத்து வயதுக்கு என் தோள் உயரம் வந்துவிட்டாள். அவள் வளர்கிறாளா, நான் குறைகிறேனா தெரியவில்லை.

பதில் எழுதத் தாமதம். உட்கார்ந்தால் முதுகு நோகிறது, படுத்தால் எழுத வரவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. போன வருஷம் கடலைக்கு மண் அணைத்தபோது பிடித்தது, இன்னும் விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது, வெயில்தான் காரணம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, இனி செல்விக்குத் தைத்துக் கொடுத்துவிடலாம்.

ஒரு கூத்தைக் கேள். போன வாரம் கோவிலில் செபமாலை கையிலிருந்து நழுவிவிட்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, மெல்லக் குந்தி, துழாவி எடுத்தேன். "அம்மா, தவக்களை மாதிரி இருக்கீங்க" என்று செல்வி சிரித்த சிரிப்பில் உபதேசியார் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்புத்தான்.

உன் மச்சான் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தினமும் பாட்டுப் பாடுகிறார். நான் எதற்குப் போக வேண்டும்? முதுகெலும்புக்கே தனியாகப் படிக்கிறவன் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்போது? நீ வந்து பார்க்கத்தானே போகிறாய். நான் பொறுத்துக்கொள்கிறேன், நீ அவசரப்பட்டுப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்காள்
சூசைமேரி


அமெரிக்கா
22-2-1959

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் கடிதம் வந்த நேரம் பரீட்சை, அதனால் தாமதம். பாஸாகிவிட்டேன்! முதல் முறையாக ஒரு பரீட்சையில் முதல் பத்துப் பேருக்குள் வந்திருக்கிறேன். மச்சானிடம் கரும்பலகையில் எழுதிப்போடச் சொல்.

உன் முதுகுவலிக்குக் காரணம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கடலை உடைப்பாயே, அந்த உட்காரும் தினுசுதான். நேராக உட்கார். வெந்நீர் ஒத்தடம் கொடு. ராக்கனிடம் மட்டும் போய்விடாதே. நான் வந்ததும் இரண்டு நிமிஷ வேலை, எழுந்து ஓடப்போகிறாய்.

வரும் ஜூன் முதல் கல்லூரி வைத்தியசாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள். அதற்கு முன் ஒரு பாடம் இருக்கிறது, கையே வைக்கக்கூடாத முதுகுகள் பற்றி. கை வைக்கக்கூடாது என்பதற்கு ஒரு பாடமா என்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி
சந்தனராஜ்


ஆவூர்
11-7-1959

மைத்துனர் சந்தனராஜ் அவர்களுக்கு இருதயநாதன் எழுதுவது. தாங்கள் நலமாயிருக்கும்படி சர்வேசுரனை மன்றாடுகிறேன்.

வழக்கமாக உங்கள் அக்காள் எழுதும் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுகிறவன் நான். இன்று அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கீரனூருக்குப் போய்த் தபாலில் சேர்க்கப்போகிறேன்.

மாப்பிள்ளை, அவள் சுகமாக இல்லை. நடுமுதுகில் ஒரு கணு மட்டும் பிதுங்கிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. தினமும் சாயங்காலம் காய்ச்சல். ராத்திரி பாயெல்லாம் வேர்வை. உடம்பு பாதியாகிவிட்டது. ஈஸ்டர் பாஸ்குத் தேருக்கு மூக்காயியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். போன மாதத்திலிருந்து நடக்கும்போது கால் தடுக்குகிறது. வாசற்படியில் இருமுறை விழுந்தாள். உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை உடைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறாள். காரணத்தையும் உங்களிடம் மறைத்திருக்கிறாள். நீங்கள் குருமடத்தை விட்டு வந்தபோது, தம்பி ஒரு நிலைக்கு வரும்வரை தன் உடம்புக்கு மருந்து கிடையாது, எந்த வைத்தியன் கையும் படாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நீங்கள் இந்தப் படிப்பில் சேர்ந்ததும், "என் தம்பி வைத்தியனாகி என் மேல் கை வைக்கும்வரை" என்று அதையே மாற்றிக்கொண்டாள். முன்பு ஒருமுறை நான் மாத்திரை கொடுத்ததால்தான் உங்களுக்குக் கறம்பக்குடி வேலை போயிற்று என்று இன்றுவரை நம்புகிறாள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் உங்கள் படிப்பு போய்விடுமாம்.

பங்குச் சாமியாரை வீட்டுக்கே அழைத்துவந்தேன். "நானே ஒன்னை விடுவிக்கிறேன் சூசைமேரி, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொன்னார். அதற்கு இவள், "நீங்க சொன்னாச் சரிதாங்க சாமி. ஆனா என் தம்பி பெயிலாயிட்டா நீங்களா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டாள்.

முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவன் நான். வீட்டில் ஒருத்திக்குச் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு மிகவும் அலுத்துவிட்டது, பயமாகவும் இருக்கிறது.

இருதயநாதன்


அமெரிக்கா
26-7-1959

மச்சானுக்கு வணக்கம். அக்கா, இந்தக் கடிதம் உனக்குத்தான். மச்சான் மேல் பாயாதே. அவர் எழுதியது சரி.

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேரே சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம் அந்தப் பாடம் நடந்தது. வாத்தியார் ஒரு சாக்குக்கட்டியைத் தரையில் போட்டார். "இதை ஒருவர் இடுப்பை வளைத்துக் குனிந்து எடுத்தால் பரவாயில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கிக் குந்தி எடுத்தால் அவர் முதுகில் கை வைக்காதே" என்றார். செய்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் தவக்களைக் கடிதம் பெட்டியில் கிடக்கிறது. எனக்கு ஞாபகம் வரவில்லை அக்கா. மச்சான் கடிதம் வந்தபிறகுதான் வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இருப்பது சுளுக்கு இல்லை, உட்கார்ந்த கோணலும் இல்லை. க்ஷயரோகம் நெஞ்சில் மட்டும் வருவதில்லை, முதுகெலும்பிலும் வரும். கணு உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது. இதை ராக்கன் அழுத்தினாலும் நான் அழுத்தினாலும் ஒன்றுதான், கால் இரண்டும் போய்விடும். நான் படித்த படிப்பு முழுக்க வந்து நின்றாலும் உன் முதுகுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. இதற்கு ஊசி இருக்கிறது, மாவுக்கட்டு இருக்கிறது, இரண்டும் திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. நம்மூர்க்காரர்கள் பேச்சுக்குப் பயப்படாதே, குணமாகிற வியாதி. ஆனால் நாள் கடத்தினால் கால் திரும்பாது.

எழுதப்படிக்கத் தெரியாதவள் மாதிரி எனக்காக உடம்பை அடகு வைத்திருக்கிறாயே, உன்னை யார் கேட்டார்கள்? கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. பத்து வருஷமாக நான் ஒவ்வொரு வேலையாக விட்டுவிட்டுப் போனபோதெல்லாம் நீ அங்கே மருந்தில்லாமல் காய்ச்சலில் கிடந்திருக்கிறாய்.

நேர்ச்சையை உடைக்கச் சொல்லவில்லை. நிறைவேற்றச் சொல்கிறேன். நான் ஜூன் மாதத்திலிருந்து வைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்க்கிறேன். கடைசிப் பரீட்சை பாக்கி, ஆனாலும் என் முன்னால் படுக்கிறவர்கள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வைத்தியன்தான். இனி என் கை உன் மேல் பட வேண்டும், அவ்வளவுதானே?

கடைசித் தாளைப் பார். அது என் வலது கை. தாளின் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். நோயாளியைத் தொடுமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே முதல் பாடம். அடுப்பருகே காட்டிச் சூடாக்கிக்கொண்டுதான் வைத்தேன், மேஜையில் இருந்த தேநீர் ஆறும்வரை கையை எடுக்கவில்லை. கோவாவில் சவேரியார் பாதத்தில் தொட்டுக் கொண்டுவந்த துணியை நம்மூரில் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அந்தத் துணி சவேரியார் என்றால் இந்தத் தாள் என் கை. மச்சான் இதை மாதா முன்னால் உன் முதுகில் வைக்கட்டும். சும்மா வைத்து எடுக்கட்டும், அழுத்தக்கூடாது. அன்றைக்கே பஸ் ஏறு.

இந்தத் தாளை நீ ஏற்காவிட்டால் நான் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், விடுவது எனக்குப் புதிதில்லை.

தம்பி
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

திருச்சி, பெண்கள் வார்டு
6-3-1960

அன்புத் தம்பி டாக்டர் சந்தனராஜுக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மாவுக்கட்டுத் தொட்டிலில் மல்லாந்து கிடந்து, நெஞ்சின் மேல் பலகை வைத்து எழுதுகிறேன். ஆமையைப் புரட்டிப் போட்ட மாதிரி கிடக்கிறேன். ஒரு பக்கம் தவக்களை, ஒரு பக்கம் ஆமை. என் சுகம் இவ்வளவுதான். உன் சுகத்துக்கு எழுது.

இதுவரை உன் மச்சான்தான் சேதி எழுதிக்கொண்டிருந்தார். அவர் சுருக்கமாக எழுதியதை நான் விவரமாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் அவரோடு சண்டை போட்டேன். சத்தியத்தை உடைத்த மனிதரோடு பேசமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்புவதற்கே அவர்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்க்கவும் மாட்டேன் என்றேன். "என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சானா? காகிதத்தை வச்சு மாதாவையே ஏமாத்தப் பாக்குறானா?" என்று கத்தினேன். அவர் தாளை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

தனியாகக் கிடந்தபோது எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் கோணலாக இருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டாயே, அந்த விரல். கோட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வாஸலின் திட்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் சண்டை போடவில்லை. நீ கப்பல் ஏறிவிடுவேன் என்று மிரட்டியதால் சம்மதித்தேன் என்று நினைக்காதே.

மறுநாள் காலைப் பூசை முடிந்து ஆட்கள் போனபிறகு, என்னை மாதா பீடத்தின் முன்னால் பெஞ்சில் குப்புறக் கிடத்தினார்கள். உன் மச்சான் தாளை விரித்து என் முதுகில் வைத்தார். "அப்பா, தலைகீழா வச்சிருக்கீங்க, கட்டைவிரல் மாறிக் கெடக்கு" என்றாள் செல்வி. அவர் பதறி எடுத்துத் திருப்பி வைத்தார். ஆக நீ என்னை இரண்டு தடவை தொட்டிருக்கிறாய். பங்குச் சாமியார் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது அவர்தான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். நேரே பஸ்ஸுக்கு.

இங்கே டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை யாராவது அமுக்கிவிட்டார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "யார் வேண்டாமென்றது?" என்றார். உன் மச்சான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார். டாக்டர் கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். தினமும் காலையில் ஊசி. காய்ச்சல் விட்டுவிட்டது. கால் விரலை அசைக்கச் சொல்கிறார்கள், அசைகிறது. நிமிர்ந்து நடப்பேனாம், ஆனால் முதுகில் அந்தப் புடைப்பு அப்படியேதான் இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் பாஸ்குத் தேர் எனக்கு இல்லை. செல்வி பார்த்து வந்து சொல்வாள். பக்கத்துக் கட்டிலில் மணமேல்குடியிலிருந்து வந்த பொன்னுத்தாய் என்ற மனுஷி இருக்கிறாள். "ஒங்க தம்பி முதுகு டாக்டராமே, வந்து இந்தக் கூனை ஒரே அமுக்குல நிமித்திருவாராக்கும்?" என்று கேட்டாள். "அவன் என்னை அமுக்க மாட்டான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வா. பாஸானாலும் பெயிலானாலும் வா, இனி அதற்கும் என் முதுகுக்கும் கணக்கு இல்லை. நீ எந்த ஊரில் போர்டு மாட்டினாலும் சரி.

ஒன்று மட்டும் உன் மச்சானிடம்கூட நான் சொல்லவில்லை. நீ அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டுதான் கையை வைத்தாய், எழுதியிருந்தாய். ஆனால் காகிதம் வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்விட்டதடா. முதுகில் பட்டபோது சில்லென்று இருந்தது. வந்து ஒரு தடவை உன் கையைச் சும்மா வை. அழுத்த வேண்டாம்.

உன் அக்காள்
சூசைமேரி